பில் எப்போது பாஸ் ஆகும்?

"இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை சார். தொழில் தொடங்குகிறான், இரண்டே வருஷத்தில் இழுத்து மூடிவிட்டுச் சம்பளத்துக்குப் போய்விடுகிறான்." கடற்கரைச் சாலையில் காலையில் நடக்க வரும் நம் வயதுக்காரர்கள் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதை மறுத்து எழுத வேண்டும் என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

தொழில்முனைவோருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆந்த்ரப்ரனர்' என்ற சொல், நான் படித்த பிரெஞ்சு மொழியிலிருந்து போனது. 1755-இல் அச்சான ரிச்சர்ட் கான்டில்லனின் பொருளாதார நூல் அவனை இப்படிப் பார்க்கிறது: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவன். விலை ஏறுமா இறங்குமா என்பது அவன் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் ஆபத்து. ஆனால், விற்ற சரக்குக்குக் காசு வருமா என்கிற ஆபத்தை அவன் தலையில் ஏற்றியது நாம்தான்.

எங்கள் தெருவில் ஒரு பையன். டிப்ளமா படித்தவன். மேட்டுப்பாளையம் பக்கம் ஷெட் எடுத்து இரும்பு அலமாரி, மேசை செய்து கொடுத்தான். ஆர்டருக்குக் குறைவில்லை. இரண்டாம் வருஷம் மூடிவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். "வேலை செய்யக் கஷ்டமில்ல தாத்தா, செஞ்ச வேலைக்குக் காசு கேட்டு அலையறதுதான் முடியல" என்றான்.

அவன் தொழிலுக்கு ஒரு கணக்குப் போடலாம். இரண்டு லட்சம் ரூபாய் ஆர்டர். அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 36,000. தகடும் பெயிண்டும் வரியோடு 1,41,600. கூலி 40,000. வாடகை, கரண்டு 15,000. தகடு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டாலும் அரசுக்கு இன்னும் 14,400 கட்ட வேண்டும். அதுவும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள். வாடிக்கையாளர் காசு கொடுத்தாரா என்று வரித்துறை கேட்காது, பில் போட்டாயா என்றுதான் கேட்கும். ஆக, கையை விட்டுப் போனது 2,11,000. வரவேண்டியது 2,36,000. லாபம் 25,000.

அந்த 2,11,000-ஐ மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 6,330. பில் நான்கு மாதம் தாமதமானால் வட்டி 25,320. லாபம் முழுவதும் போய், கைக்காசும் 320 போயிற்று. இதில் பொறுமை என்ன செய்யும்? பொறுக்கப் பொறுக்க நஷ்டம்தான் கூடும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவனுக்கு 45 நாளைக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் முதல், இப்படிக் கெடு தாண்டிய தொகையை, கொடுத்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. ஆனால் வருமான வரியே கட்டாத சர்க்கார் இலாகாவை அது என்ன செய்யும்? தனியார் மேல் புகார் கொடுக்கலாம். கொடுத்த மறுநாள் அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால்தான் பையன்கள் வாய் திறப்பதில்லை.

பில் எப்படித் தூங்கும் என்று குமாஸ்தா உத்தியோகம் பார்த்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு சீல் இல்லை என்று திரும்பி வரும். சீல் போட்டுக் கொண்டுபோனால் ஆபீசர் லீவு. ஆபீசர் வந்தால் ஃபண்டு இல்லை. மார்ச் 31 தாண்டினால் புது பட்ஜெட் வரட்டும் என்பார்கள். இத்தனையிலும் யாருக்கும் சம்பளம் நின்றதில்லை.

எல்லாருமே இதனால்தான் மூடுகிறார்கள் என்று சொல்லவில்லை. கூட்டாளிச் சண்டை உண்டு, விற்காத சரக்கைச் செய்தவனும் உண்டு. ஆனால் ஆர்டர் கையில் இருக்கும்போதே மூடுகிறவனைச் சோம்பேறி என்பது அநியாயம்.

பிரான்சில் 2009 முதல், கம்பெனிகளுக்குள் பில் தேதியிலிருந்து பொதுவாக 60 நாள்தான் கெடு. தாண்டினால் விற்றவன் வழக்குப் போட வேண்டாம், அரசே விசாரித்து அபராதம் போடலாம். புகார் கொடுத்தவன் என்ற கெட்ட பெயர் பையனுக்கு வராது. இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். சர்க்கார் பில்லாக இருந்தால், 46-ஆம் நாள் வட்டியைக் கோப்பை வைத்திருந்தவர் சம்பளத்தில் பிடிக்கட்டும். கோப்பு தானாக நகரும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நம்மில் வீடு கட்டுகிறவர், கல்யாணம் செய்கிறவர், சங்கச் செயலாளர் எல்லாரும் இருக்கிறோம். பந்தல்காரப் பையனிடம் "அடுத்த வாரம் வா தம்பி" என்று எத்தனை முறை சொல்கிறோம்? பென்ஷன் ஒருநாள் தள்ளிப்போனால் பேங்குக்குப் பத்து போன் போடுகிற நாம், மற்றவனுக்குப் பொறுமை போதிக்கலாமா?