தாராவி பைகள் கண்ணில் படுமா?

மும்பை தாராவியின் தோல் பைகளுக்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் அவற்றை விற்கும் சிறு கடைக்காரர், வாங்குவோர் கண்ணில் படுகிறாரா என்பதே இப்போதைய கேள்வி.

2017-ல் 'கூகுள் லென்ஸ்' அறிவிக்கப்பட்டது. பெயர் தெரியாத பொருளையும் செல்போனில் படம் பிடித்தே தேடலாம். இணையத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, ஒத்தவற்றை அது காட்டும். படம் ஏற்றாத கடை அந்த வரிசையில் வராது. வியாபாரம் பெரிய கம்பெனிக்குப் போய்விடும்.

சொந்தப் படம் வேண்டும்

கூகுளில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. படம் 5 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். ஒரு படத்தில் ஒரே பை, பின்னால் வெறும் சுவர், பகல் வெளிச்சம் இருந்தால் போதும். படத்தோடு பொருளின் பெயரும் ஊரும் எழுத வேண்டும். பிறர் படத்தை எடுத்துப் போட்டால், தேடுவோர் அந்தக் கடைக்கே போய்விடக்கூடும்.

பெயர்ப்பலகை

முகப்புப் படத்தில் பலகை முழுவதும் தெரிய வேண்டும். அதன் எழுத்தையும் லென்ஸ் படிக்கும். மராட்டியத்தில் தேவநாகரி எழுத்துப் பலகை கட்டாயம். அதற்காகப் பலகையை மாற்றியவர்கள் படத்தையும் மாற்றுவது அவசியம். தாராவிச் சந்துகளில் முகவரி சொல்லிக் கடையைக் கண்டுபிடிப்பது கடினம். பலகையின் படம் இருந்தால், புதிதாக வருகிறவரும் வழி தவறாமல் வந்து சேருவார்.