வாரம் ஒரு ஆல்பம்: பழைய பாட்டுக்குப் புதுப் பத்திரம்

பழைய ஆல்பத்தை மறுபடி வெளியிடறாங்கன்னாலே எனக்கு ஒரு சந்தேகம் வந்துடும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கினவன் தலையிலேயே, அட்டையை மாத்தி, ஒதுக்கி வெச்ச நாலு பாட்டையும் ஒட்ட வெச்சு, இன்னொரு தடவை கட்டற வேலை. பெரும்பாலும் சந்தேகம் சரியாத்தான் இருக்கும். 'அங்கிள் டுபெலோ'வோட முதல் ஆல்பமான 'நோ டிப்ரஷன்' விஷயத்துல மட்டும் கதை வேற.

செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்துல, மிசிசிப்பி ஆத்துக்கு இந்தப்பக்கம், எங்க இலினாய் மாநிலத்துல பெல்வில்னு ஒரு ஊர். அந்த ஊர்ப் பசங்க மூணு பேர்: ஜே ஃபேரர், ஜெஃப் ட்வீடி, டிரம்ஸுக்கு மைக் ஹைடார்ன். 1990 ஜனவரியில பாஸ்டனுக்குப் போய், பத்தே நாள்ல, சுமார் 3,500 டாலர் செலவுல மொத்த ஆல்பத்தையும் முடிச்சிட்டு வந்தாங்க. (என்னோட ஒரு செமஸ்டர் ஃபீஸ்ல இந்த மாதிரி நாலு ஆல்பம் போடலாம். அழுகையா வருது.) 'டைனோசர் ஜூனியர்'ங்கிற சத்தக்கார கோஷ்டிக்கு வேலை செஞ்ச அதே தயாரிப்பாளர்கள்தான் இதுக்கும். அவங்க ஒரு ஆல்பத்துல வாசிச்ச அதே கிப்சன் கிடாரைத்தான் ஃபேரர் கையில கொடுத்திருக்காங்க.

அதனாலதான் அந்த சவுண்டு. கிராமத்து சோகப் பாட்டு மாதிரி நிதானமா ஆரம்பிக்கும், திடீர்னு பங்க் ராக் மாதிரி காதைக் கிழிக்கும், பட்டுனு நிக்கும், மறுபடி கிளம்பும். பாடுறது என்னவோ ஃபேக்டரி வேலை, நைட் ஷிஃப்ட், குடி, விடிஞ்சா அதே ஊர். பாடுனவங்களுக்கு வயசு 22, 23!

தலைப்பைப் பார்த்து மனச்சோர்வுன்னு நினைச்சிடாதீங்க. கார்ட்டர் குடும்பம் 1936ல பதிவு பண்ணின பாட்டு அது. பொருளாதார மந்தத்துல நாடே திண்டாடினப்ப, 'அந்தக் கஷ்டம் இல்லாத இடம் சொர்க்கம்தான்'னு பாடினது. 1995ல ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரிக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சவங்க இதே பேரைத்தான் வெச்சாங்க. அதுவும் 2008ல அச்சு நின்னு, 2015ல திரும்ப வந்துச்சு. பேரோட ராசி போல :-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆல்பத்தை வெளியிட்டது ராக்வில்ங்கிற சின்ன கம்பெனி. வரவேண்டிய ராயல்டி வரலைன்னு பேண்டு வழக்கு போட்டு, 2000ல சமரசம் ஆச்சு. முதல் மூணு ஆல்பத்தோட உரிமையும் இவங்க கைக்கு வந்துச்சு. இதுல எனக்குப் பிடிச்ச இடம் எது தெரியுமா? பேண்டு 1994லயே உடைஞ்சாச்சு. ஃபேரர் 'சன் வோல்ட்', ட்வீடி 'வில்கோ'ன்னு ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. இருந்தாலும் உரிமை கூட்டாத்தான் வந்துச்சு. பாகம் பிரிச்ச வீட்டுல கிணறு மட்டும் பொதுவுல இருக்கிற மாதிரி.

அதுக்கப்புறம்தான் 2003ல லெகசி கம்பெனி மூலமா மறுவெளியீடு. 2014ல இன்னொண்ணு, ரெண்டு சிடி. முதல் வெளியீட்டுக்கு என் முழு ஓட்டு. எழுதினவன் கைக்குப் பாட்டு திரும்பி வந்து, அவன் சம்மதத்தோட கடைக்குப் போறதுன்னா ரெண்டாவது தடவை காசு கொடுக்கலாம், தப்பில்ல. ரெண்டாவது வெளியீடு? பாதி என் பழைய சந்தேகம்தான். ஆனா அந்த ரெண்டாவது சிடியில 1989ல போட்ட டெமோ கேசட்டு முழுசா இருக்கு. அதைப் பதிவு பண்ணின இடம், நான் இப்ப படிச்சிட்டிருக்கிற இதே ஷாம்பெய்ன்ல ஒரு வீட்டுப் பரண்!

'விஸ்கி பாட்டில்' பாட்டை ரெண்டு சிடியிலயும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. டெமோவுல சவுண்டு கொஞ்சம் மெலிசு, ஆனா பாட்டு ஏற்கெனவே முழுசா நிக்குது. பாஸ்டன் ஸ்டூடியோ அதுக்கு உடம்புதான் கொடுத்துச்சு. எனக்கு என்னவோ பரண்ல பாடினதுதான் மனசுக்குப் பக்கத்துல இருக்கு. ஒரிஜினல்தான் உசத்தின்னு சொல்ற ஆளு இருந்தா வாங்க, சண்டை போடலாம்.