கம்பி இணைப்பு யார் வேலை?

ரயிலைக் கண்டு மகிழாத குழந்தை உண்டோ? நொச்சிக்குப்பத்துச் சிறுமியராகிய எங்களுக்குக் கடலும் படகும் எப்படிப் பழக்கமோ, அப்படியே கலங்கரை விளக்கம் நிலையத்தில் வந்து நிற்கும் பறக்கும் ரயிலும் பழக்கம். 1997-இல் திருமயிலை வரை நீண்ட அந்தப் பாதையைத்தான் சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு மாதிரியாகச் செய்தோம். அதில் நாங்கள் பட்ட அவமானத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐவர் கூடினோம். தெர்மாகோலில் நிலையம், நீலத்தாளில் பக்கிங்காம் கால்வாய், தெப்பக்குளத்தோடு கபாலீசுவரர் கோபுரம் யாவும் எங்கள் கைவண்ணமே. (கோபுரத்தைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும்!) ஆனால் ஒயர் இணைக்கும் வேலையை மட்டும் ஒரு தோழியின் அண்ணனிடம் விட்டுவிட்டோம். 'அது ஆண்கள் வேலை' என்று எங்களிடம் எவரும் சொல்லவில்லை, நாங்களாகவே சொல்லிக்கொண்டோம்.

அண்ணன் நேர்ப்பாதைக்குச் சரியாகவே இணைத்துக் கொடுத்தார். கண்காட்சிக்கு முதல்நாள் மாலை எங்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. திருமயிலை முனையில் ஒரு வளையம் சேர்த்தால் ரயில் சுற்றிக்கொண்டு தானே திரும்பி வருமே! சேர்த்தோம். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் ரயில் அசையவில்லை, அடாப்டர் சுட்டது. அண்ணனோ வேலைக்குப் போய்விட்டார். நாள் முழுவதும் ரயிலைக் கையால் தள்ளினோம். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, இது ரயிலா, கைவண்டியா?" என்று கேட்டாள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதிலில்லை.

பிழை எங்கே? இத்தகைய சிறு ரயில் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் வந்து, எஞ்சினின் மோட்டார் வழியே மறு தண்டவாளத்தில் திரும்புகிறது. வளையத்தைச் சுற்றி வந்தால் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு போய்ச் சேர்ந்துவிடும். அதுதான் ஷார்ட் சர்க்யூட். ஒன்றைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் நோட்டுத்தாளில் வரைந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். வளையத்தின் இரு நுனிகளிலும் இரு தண்டவாளங்களையும் பிரித்து, இடையே பிளாஸ்டிக் இணைப்பு வைத்து, வளையத்துக்குத் தனி ஒயர் கொடுக்க வேண்டும். ரயில் முழுவதும் வளையத்துக்குள் இருக்கும்போதே வெளிப்பாதையின் மின்சாரத்தைச் சுவிட்சால் திசைமாற்ற வேண்டும். ஆகவே வளையம் ரயிலைவிட நீளமாக இருப்பதும் அவசியம். வேடிக்கை என்னவென்றால், உண்மையான பறக்கும் ரயில் இப்படிச் சுற்றித் திரும்புவதே இல்லை. அதற்கு இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு!

தோழியரே, வரைபடம் முடியுமுன் தெர்மாகோலைத் தொடக்கூடாது. ஒயரைப் பிறர் கையில் கொடுக்கவும் கூடாது. இதுவே என் கருத்து. மின்சாரம் ஆபத்து என்று சிலர் தடுப்பர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆபத்துதான். அதனால் அடாப்டரைக் கடையில் வாங்குவோம், திறக்கமாட்டோம். அதற்கு இப்பால் உள்ள 12 வோல்ட்டுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

என் தந்தை மணலில் வலையை விரித்து, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தே அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். ஒயரில் பிழை தேடுவதும் அப்படித்தான். ஒரு சிறு பல்பை வைத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகப் போக வேண்டும். பொறுமை வேண்டுமே தவிர மீசை வேண்டியதில்லை.

நம் நகரில் பிறந்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர். அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1943-இல் தேறினார்; ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சியும் பெற்றார். நாங்களோ இரண்டு ஒயருக்கு அண்ணனைத் தேடினோம்!

இவ்வாண்டு வரைபடம் முதலில் வந்துவிட்டது. வளைவின் ஆரம் ஒன்றேகால் அடி என்றால் குறுக்களவே இரண்டரை அடி. ஓரம் விட மூன்றடிப் பலகை வேண்டும் என்று கணக்கிட்டு வாங்கினோம். முதல் ஒயரைப் பற்றவைத்தவள் கைவண்டி என்று கேலி செய்த அதே சிறுமி. கை சற்று நடுங்கியது. ஆனால் ஒயர் ஒட்டிக்கொண்டது.

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி