துருவுக்கு வந்த மவுசு

பெங்களூரில் புதிதாகத் திறந்த கம்பெனி ஒன்றுக்குள் நுழைபவருக்கு, வேலை இன்னும் பாக்கி இருக்கிறதோ என்ற சந்தேகம் வரும். அண்ணாந்து பார்த்தால் ஏ.சி. குழாய்களும் கேபிள்களும் தீயணைப்புக் குழாய்களும் பப்பரப்பே என்று தெரிகின்றன. சுவரில் பூச்சு இல்லாத செங்கல். கீழே வெறும் சிமெண்ட் தரை. விளக்குகளுக்கு இரும்புக் கம்பிக் கூண்டு. காண்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. இதன் பெயர் 'இண்டஸ்ட்ரியல் லுக்'. காசு கொடுத்து வாங்கிய கரடுமுரடு.

இந்த ஆபீஸ்களுக்கு வேலைக்கு வருகிறவர்களில் தங்கவயல்காரர்களும் உண்டு. கோலார் தங்கவயலின் கடைக்கோடியான மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் தினமும் சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்பவரும், வாசலில் காவல் நிற்பவரும், தரை துடைப்பவரும் ஒரே பெட்டியில். இவர்களிடம் இண்டஸ்ட்ரியல் லுக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். அவர்கள் தாத்தாக்கள் அந்த 'லுக்'கிலேயே வாழ்ந்தவர்கள்.

சுரங்கத்தில் குழாய் வெளியே தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. அழுத்தப்பட்ட காற்றையும் தண்ணீரையும் பாதாளத்துக்குக் கொண்டுபோகும் குழாயில் கசிவு வந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். விளக்குக்குக் கூண்டு போட்டது, கல் தெறித்து உடையாமல் இருக்க. பெங்களூர் ஆபீசில் கூண்டு எதைக் காக்கிறது? அங்கே தெறிப்பது அதிகபட்சம் காப்பி.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை வெடித்துச் சரிந்தும், நுரையீரலில் கல்தூசி படிந்தும் போன உயிர்கள் ஏராளம். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், இறங்கிய இடம் அது. மேலே வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் பங்களாவும் கிளப்பும். தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வீடு. யார் எங்கே இருக்க வேண்டும் என்பதில் 1880இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனிக்குக் குழப்பமே இருந்ததில்லை.

ஆபீஸ் அலங்காரத்தின் சரித்திரமும் கிட்டத்தட்ட இதுதான்: யார் எங்கே உட்கார்வது? நம் பழைய ஆபீஸ்களில் மேனேஜருக்குக் குட்டைக் கதவு போட்ட அறை, குமாஸ்தாவுக்கு ஃபைல் குவிந்த மேஜை. 1960களில் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட், ஊழியர் விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்ளும் தட்டிகளை வடிவமைத்தார். முதலாளிகள் அதையே சுருக்கிச் சுருக்கிப் பெட்டி பெட்டியாக்கினார்கள். பிறந்தது 'க்யூபிக்கிள்'. பின்னர் அந்தத் தட்டியும் போய், எல்லோரும் நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். 2020 கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் சொந்த மேஜையும் இல்லை. காலையில் எந்த இடம் காலியோ அதுவே உங்களுடையது.

சுவர் இல்லையென்றால் மனிதர்கள் கூடிப் பேசுவார்கள் என்பது வாதம். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் திறந்தவெளி அமைப்புக்கு மாறிய இரண்டு பெரிய கம்பெனிகளைக் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவிகிதம் குறைந்திருந்தது, ஈமெயில் கூடியிருந்தது. தட்டி போனதும் ஆள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுவிட்டார்.

கூரை விஷயமும் அப்படியே. ஃபால்ஸ் சீலிங் வெறும் மறைப்பு அல்ல, சத்தத்தை உறிஞ்சும். அதை எடுத்துவிட்டால் கான்கிரீட்டில் பட்டு எதிரொலிக்கும். அதைத் தடுக்க ஒலி உறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிட வேண்டும். குழாய்களை வரிசைப்படுத்தி, மடிப்பு தெரியாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். எளிமைக்கும் செலவு உண்டு.

பொய்க் கரடுமுரடுக்கு இவ்வளவு செலவு செய்யும் உலகம், சில இடங்களில் அசலையும் மதித்திருக்கிறது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதன் கொதிகலன் கூடத்தில் இன்று வடிவமைப்பு அருங்காட்சியகம். 1983இல் நின்றுபோன லண்டன் பேட்டர்ஸி மின்நிலையம் 2022இல் மறுபடி திறந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆபீஸ் அதற்குள்தான் இருக்கிறது.

சோல்வெரைனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆண்டு 2001. அதே ஆண்டு பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கே சுரங்கத்துக்குப் பட்டயம், இங்கே பூட்டு. ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்தன, இயந்திரக் கூடங்கள் பாழடைந்தன. சயனைடு மேடுகளைத் தேடி வந்தது சினிமா. 2018இல் வெளியான 'கே.ஜி.எஃப்.' படம் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. ஊருக்கு வேலை கொண்டுவரவில்லை.

1902இல் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி முதலில் வந்து சேர்ந்தது தங்கவயலுக்கு. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தங்கவயலுக்குப் பின்னால் நின்ற ஊர் பெங்களூர். இன்று தங்கவயல் அதிகாலையில் எழுந்து பெங்களூருக்கு ஓடுகிறது.

துருவின் அழகுக்கு மயங்கும் கம்பெனிகளுக்கு அசல் துரு வேண்டுமென்றால், விலாசம் இருக்கிறது. செங்கல்லும் இரும்பும் தயார். வேலை தெரிந்த பிள்ளைகளும் தயார். ஆபீஸ் அங்கே போனால் அலங்காரச் செலவு மிச்சமாகுமோ என்னவோ, அந்த ரயிலில் கொஞ்சம் கூட்டம் குறையும். அதுவரை, தாத்தா இறங்கிய சுரங்கத்தின் நகலுக்குக் கீழே உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருப்பார்கள்.