எட்டாக்கனி என்றொரு சால்ஜாப்பு

'ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி எட்டாக்கனி.' எத்தனை கட்டுரைகளில், எத்தனை மேடைகளில் இந்த வாக்கியத்தைக் கடந்து வந்திருக்கிறோம்! இரக்கத்தோடு சொல்லப்படுவதாலேயே இதில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. சிவகாசியைப் பற்றி இப்படி எழுதப்படும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 'எட்டா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கனி உயரத்தில் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். எட்டவிடாமல் செய்தவருக்கு இச்சொல்லில் இடமே இல்லை. மரம் உயர்ந்து வளர்ந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவனும், பழம் புளிக்கும் என்ற நரியும் இதன் உறவினர்களே. அங்கும் கேலிக்கு ஆளாவது கிட்டாதவன்தான்.

சிவகாசியில் நடந்தது இதுவா? 1970களிலும் 80களிலும் விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் கிராமங்களுக்குச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றி வந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அவர்களின் விரல்கள் மலிவாகக் கிடைத்தன. நோட்டுப் புத்தகங்கள் அச்சாகி வெளியூர்களுக்குப் போகும் ஊர் அது. கனி பக்கத்திலேயே இருந்தது. கைதான் வேறு வேலையில் கட்டப்பட்டிருந்தது.

உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பில், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. மரத்துக்கு உரிமையாளர் உண்டு என்பதுதானே இதன் பொருள்?

அருகிலிருக்கும் விருதுநகரைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்திய பள்ளியில் படித்தவர் காமராஜர். அவரது படிப்பு பாதியில் நின்றது. அவரே முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். ஒரு பிடி அரிசிக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் இறங்கி வரும் கனியா எட்டாக்கனி?

வெறும் உருவகத்துக்கு இத்தனை கோபமா என்று நண்பர்கள் கேட்கலாம். 'மறுக்கப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள்; 'யாரால்?' என்ற கேள்வி உடனே எழும். 'எட்டாக்கனி' அக்கேள்வியை எழவே விடுவதில்லை.

சாகாவரத்தை எட்டாக்கனி என்று சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. பள்ளிக்கூடத்தைச் சொல்லாதீர்கள்.