இடத்தை நம்புவதா, பெயரை நம்புவதா?

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதுகின்றான் என்றால், சங்க இலக்கியம் பற்றியோ சைவசித்தாந்தம் பற்றியோ எழுதுவான் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். யானோ கணினி அட்டவணைகளைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். இஃது உன் துறையன்று எனக் கூறுவாரும் உளர். ஆயினும், இன்று மாணவனொருவன் கெட்டிக்காரனா பின்தங்கியவனா என்னும் தீர்ப்பு, அவன் முகத்தைப் பார்த்தன்று, கணினி காட்டும் அட்டவணையைப் பார்த்தே பெரும்பாலும் செய்யப்படுகின்றது. ஆகலின், அவ்வட்டவணை உண்மை பேசுகின்றதா என ஆராய்வது எத்துறை ஆசிரியருக்கும் உரிய கடமையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் யான் கற்பித்த பாடசாலையொன்றிலே தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பகுத்தாராயும் பொறுப்பு என்னிடம் வந்தது. எக்செல் அட்டவணையில் முதல் நிரலில் சேர்விலக்கம், இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் சைவசமயம், நான்காவதில் தமிழ், பின்னர் ஏனைய பாடங்கள் என அமைத்திருந்தேன். சேர்விலக்கத்தைக் கொடுத்தால் அம்மாணவனது தமிழ்ப் புள்ளியை எடுத்துத் தரும்படி வீலுக்அப் என்னும் சூத்திரத்தையும் எழுதியிருந்தேன். அச்சூத்திரத்துக்கு யான் இட்ட கட்டளை, ‘நான்காம் நிரலில் உள்ளதைத் தருக’ என்பது. ‘தமிழ்ப் புள்ளியைத் தருக’ என்பதன்று. இவ்விரண்டும் ஒன்றே என அப்பொழுது எண்ணினேன்.

அடுத்த தவணையில், பெயருக்கு அடுத்ததாக வகுப்புப் பிரிவுக்கென ஒரு புதிய நிரல் செருகப்பட்டது. தமிழ் ஐந்தாம் இடத்துக்கு நகர்ந்தது. நான்காம் இடத்துக்குச் சைவசமயம் வந்தது. சூத்திரமோ நான்கு என்னும் எண்ணையே பற்றி நின்றது. பிழை என எவ்விடத்தும் எச்சரிக்கை தோன்றவில்லை. ஏனெனில், வந்தவை யாவும் பார்வைக்குப் பொருத்தமான புள்ளிகளே. அவ்வட்டவணையை நம்பி, தமிழிற் பின்தங்கியோர்க்கான மாலை வகுப்புக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தேன். தமிழில் 78 பெற்ற ஒரு மாணவன், சமயத்தில் 41 பெற்ற காரணத்தால், அப்பட்டியலில் இடம்பெற்றான். இரண்டு கிழமை அவன் வாய் திறவாது வந்து பின்வாங்கில் அமர்ந்தான். உண்மை வெளிப்பட்டபின், “ஏன் தம்பி, முதலிலேயே சொல்லவில்லை?” என வினவினேன். “கொம்பியூட்டர் பிழை விடாது தானே, சேர். நான்தான் பிழையாக நினைத்துவிட்டேன் என்று இருந்தேன்” என்றான். அம்மறுமொழி இன்றும் என்னை உறுத்துகின்றது. கணினி பிழை விடவில்லை என்பது உண்மை. யான் சொல்லியதை அது அவ்வாறே செய்தது. யான் சொல்லியதுதான் யான் கருதியதன்று.

நிற்க. இதன் உள்ளீட்டை நம் இலக்கணமே தெளிவாக்கும். ‘இராமன் வாலியைக் கொன்றான்’ என்பதை ‘வாலியை இராமன் கொன்றான்’ என மாற்றினும் பொருள் கெடாது. ‘ஐ’ என்னும் உருபு வாலியோடு ஒட்டி நின்று, அச்சொல் எங்கே சென்றாலும் அவனே செயப்படுபொருள் எனக் காட்டுகின்றது. ஆங்கிலத்திலோ இரு பெயர்களையும் இடம் மாற்றினால் கொன்றவன் கொல்லப்பட்டவனாகிவிடுவான். அங்கே பொருளைத் தாங்குவது சொல்லின் இடம். இங்கே சொல்லோடு ஒட்டிய அடையாளம். நிரலை எண்ணாற் சுட்டுவது முன்னைய முறை. நிரலைப் பெயராற் சுட்டுவது பின்னைய முறை. அட்டவணைகள் நாளுக்கு நாள் மாறும் இயல்பின. மாறும் பொருளுக்குப் பின்னைய முறையே தகும் என்பது என் துணிபு.

இது யான் புதிதாகக் கண்டதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்த எட்கார் கொட் என்பார் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, தரவைப் பயன்படுத்துவோர் அது வைக்கப்பட்ட வரிசையைச் சார்ந்திருத்தலாகாது என வாதிட்டார். 1985இல் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று, எந்த ஒரு பெறுமானத்தையும் அட்டவணையின் பெயர், நிரையை இனங்காட்டும் திறவுகோல், நிரலின் பெயர் என்னும் மூன்றைக் கொண்டே அடைய இயலவேண்டும் என்பதாம். எத்தனையாம் இடம் என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை.

எக்செல்லிலும் இதற்கு வழி உண்டு. மட்ச் என்னும் சூத்திரம் தலைப்பு நிரையில் ‘தமிழ்’ என்னும் பெயர் எங்கே உள்ளதெனத் தேடிக் கூறும். இன்டெக்ஸ் என்பது அவ்விடத்துப் பெறுமானத்தை எடுத்துத் தரும். பாடத்தின் பெயரை வேறொரு கட்டத்தில் எழுதி வைத்தால், அதனை மாற்றுந்தோறும் விடையும் தானே மாறும். 2015இல் பொதுப் பாவனைக்கு வந்த பவர் பீஐ போன்ற பகுப்பாய்வு மென்பொருள்களில், லுக்அப்வலியூ என்னும் சூத்திரம் நிரல்களைப் பெயராலேயே கேட்கின்றது. ஒரே சேர்விலக்கத்துக்கு இரு வேறு புள்ளிகள் காணப்படின், அது முதலிற் கண்டதைத் தந்து ஒதுங்காமல், பிழையென நின்றுவிடும். பழைய வீலுக்அப்போ முதலிற் கண்டதைத் தந்து மௌனமாயிருக்கும். அதன் இறுதிக் கூற்றை எழுத மறந்தால், கேட்ட இலக்கம் இல்லாதவிடத்தும் அதற்குக் கீழ்ப்பட்ட அண்மை இலக்கத்தானின் புள்ளியைத் தந்துவிடவுங் கூடும். ஒருவன் புள்ளியை மற்றொருவன் தலையிற் கட்டுவதினும் அநீதி யாது?

பெயராற் சுட்டுவதிலும் இடர் உண்டு என்பதை யான் மறுக்கவில்லை. ஓராசிரியர் ‘தமிழ்’ என எழுதுவார். மற்றொருவர் ‘தமிழ்மொழி’ என்பார். வேறொருவர் பெயருக்குப் பின்னே ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்வார். கணினிக்கு இவை மூன்றும் வெவ்வேறு பெயர்கள். உடனே அந்த நிரலைக் காணோம் எனக் கூறி வேலை நின்றுவிடும். இதனைத் தொல்லையென்று சலித்துக்கொள்ளும் நண்பர் பலர். யான் இதனை நன்மையென்றே கொள்வேன். நின்றுவிட்ட அட்டவணை நம்மை எழுப்புகின்றது. பொய்யை மெய்போற் காட்டி ஓடுகின்ற அட்டவணையோ நம்மை உறங்கவைக்கின்றது. பிழைச் செய்தியை மறைத்தற்பொருட்டு அவ்விடத்தில் பூச்சியம் தோன்றச் செய்யும் பழக்கம் இன்னுங் கொடிது. காய்ச்சலால் பரீட்சைக்கு வாராதவனும், வந்து ஒன்றும் எழுதாதவனும் அங்கே ஒருவராகிவிடுகின்றனர்.

இத்தகைய பிழை நம்போன்ற பாடசாலை ஆசிரியர்க்கே உரியதெனவும் எண்ணற்க. ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் கார்மென் ரைன்ஹார்ட், கெனத் றோகோவ் ஆகியோர் 2010இல் அரச கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி எழுதிய கட்டுரை பல நாடுகளிற் பேசப்பட்டது. அவர்தம் எக்செல் அட்டவணையில், 30ஆம் நிரை முதல் 49ஆம் நிரை வரை கொள்ளவேண்டிய சராசரி 44ஆம் நிரையோடு நின்றதனால், ஐந்து நாடுகள் கணக்கில் விடுபட்டன. 2013இல் அதனைக் கண்டு வெளிப்படுத்தியவர் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின்படிப்பு மாணவராகிய தோமஸ் ஹேண்டன். ஆசிரியர் இருவரும் அப்பிழையை ஒப்புக்கொண்டனர். அங்கும் குற்றம், இடத்தை எண்ணாற் குறித்து அதனைப் பின்னர் திரும்பிப் பாராமையே. அங்கே ஒரு மாணவர் கேட்டார். என் வகுப்பு மாணவன் கேட்கவில்லை. அவன் கேளாமைக்கு, கேட்கலாம் என அவனுக்குக் கற்பியாத யானே காரணன்.

ஆகவே, அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பிறநாடுகளிலும் இத்தகைய அட்டவணைகளை ஆளும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தொழிலறிவை நம் கல்லூரிக்கும் ஒரு நாள் தாருங்கள். பாடப் பெயர்களை எல்லா வகுப்புக்கும் ஒரே வடிவில் வரையறுத்து, மாணவரைப் பெயராலன்றிச் சேர்விலக்கத்தாலே இனங்கண்டு, நிரல்களை எண்ணாலன்றிப் பெயராலே தேடும் ஒரு புள்ளி அட்டவணையை அமைத்துக் கொடுங்கள். சேர்விடாப்பில் ஒரே பெயருடையார் பலர் இருப்பர்; ஒரே இலக்கமுடையார் இருவர் இரார். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுதும் சிறிது பொறுமையும் போதும்.

சக ஆசிரியர்க்குச் சொல்வது இது: அட்டவணை ஆயத்தமானதும் எழுந்தமானமாக மூன்று மாணவரைத் தெரிந்து, அவர்தம் விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவர்க்குச் சொல்வது அதனினும் எளிது. உங்கள் புள்ளி பிழையெனத் தோன்றினால், கணினி காட்டிற்று என்பதற்காக மௌனமாய் இராதீர்கள். எழுந்து கேளுங்கள். கேட்பவனைச் சினவாது விடைத்தாளைத் தேடி எடுக்கும் ஆசிரியர் இக்கல்லூரியில் என்றும் இருப்பாராக.