பரிந்துரை தேடும் பாட்டு

பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பும் இளைஞர்கள் நம் ஊர்களில் பெருகி வருகின்றனர். இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அக்கவிதையோடு அவர்கள் இணைத்தனுப்பும் கடிதத்தைக் கண்ணுறும்போது அம்மகிழ்ச்சி பாதியாகக் குறைந்துவிடுகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரபும் தமிழும் கற்பித்து வரும் எம்போன்றோரிடம், "ஹஜ்ரத், இந்தக் கடிதத்தைச் சற்றுத் திருத்தித் தாருங்கள்" என்று வருவோர் பலர். கவிதையைத் திருத்தித் தாருங்கள் என்று வருவோரோ மிகச் சிலர்!

அக்கடிதங்களில் என்னதான் இருக்கின்றது? "இது நாயகம் (ஸல்) அவர்களின் புகழ் கூறும் கவிதை, ஆகவே மீலாது மலரில் அவசியம் வெளியிட வேண்டும்" என்பது ஒரு வகை. "ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன்; ஊக்கமளியுங்கள்" என்பது மற்றொரு வகை. "எங்கள் ஜமாஅத் தலைவர் பாராட்டியது" என்பது மூன்றாம் வகை. "பிழையிருப்பின் தாங்களே திருத்திக்கொள்க" என்பது நான்காம் வகை. கவிதை சுமக்க வேண்டிய பாரத்தைக் கடிதத்தின் தலையில் ஏற்றுவதே இந்நான்கிற்கும் பொதுவான குணம்.

இவற்றுள் முதல் வகையே பெருந்தீங்கு என்பேன். பாடப்பட்ட பொருளின் உயர்வைக் காட்டிப் பாட்டின் குறையை மறைக்க முயல்வது, அப்பொருளுக்கே செய்யும் அவமதிப்பு அன்றோ? உமறுப் புலவரை எண்ணிப் பாருங்கள். அவர் பாடியதும் அண்ணலாரின் வரலாறுதான். வள்ளல் சீதக்காதியின் ஆதரவும் அவருக்கு இருந்தது. அப்படியிருந்தும், வரலாற்றுச் செய்திகளைப் பெறுவதற்குக் கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார். முதலில் மறுக்கப்பட்டுக் காத்திருந்தார் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. வள்ளல் மறைந்த பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணைநிற்க நூல் அரங்கேறியது. நம் பழைய தென்னார்க்காட்டுக் கடற்கரையூர்தான் அந்தப் பரங்கிப்பேட்டை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைப் பாடியவர் கற்றோர் அவையின் செவிக்கு அவற்றை ஒப்படைத்தார். 1842ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அச்சேற்றும் வரை அந்நூலை ஏடுகளில் வாழவைத்தது எந்தப் பரிந்துரைக் கடிதம்? பாட்டின் வலிமையன்றோ!

அரபு நாட்டிலும் இதுவே வழக்கு. உக்காழ்ச் சந்தையில் தோற்கூடாரத்தில் அமர்ந்திருந்த நாபிகாவின் முன் புலவர்கள் தத்தம் கவிதைகளைப் பாடினர் என்றே இலக்கிய வரலாறு பேசுகிறது. குலப்பெருமை எவ்வளவு இருந்தாலும் தீர்ப்பு கவிதைக்குத்தான்.

இலக்கணம் கற்ற மாணவர் ஒருவர் இங்கே மறுக்கக்கூடும். "மன்னனின் அவைக்கு ஓலை விடுக்கும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என நன்னூல் இடம் தருகின்றதே?" என்பார். உண்மை, பவணந்தி முனிவர் அவ்வாறு நான்கு இடங்களை விலக்காகக் காட்டுகிறார். ஆனால் விலக்கைப் படித்தவர் விதியையும் படிக்க வேண்டும். எத்துணைப் பெரிய நூலைச் செய்தவர்க்கும் தற்புகழ்ச்சி தகாது என்பதே விதி. சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, தக்க உரைகாரரோ பாட வேண்டும் என்பதும் அந்நூலின் கூற்றே. மேலும், விலக்கு தன் ஆற்றலைக் கூறுவதற்கே அன்றி, வறுமையைக் காட்டி இரப்பதற்கு அன்று. பத்திரிகையாசிரியர் பரிசில் வழங்கும் மன்னரும் அல்லர். அவர் வாசகர்க்குக் கடமைப்பட்டவர்.

அப்படியாயின் கடிதமே வேண்டாவோ? வேண்டும். சலாம் கூறாமல் ஒரு வீட்டினுள் நுழைவது நாகரிகம் ஆகுமா? சுலைமான் நபி (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு விடுத்த மடலைத் திருமறையின் நம்ல் அத்தியாயத்தில் காண்க. யாரிடமிருந்து வருகிறது, யார் பெயரால் தொடங்குகிறது, வேண்டப்படுவது யாது, இவ்வளவே. பேரரசர் ஒருவரின் மடலே இத்துணைச் சுருக்கமாயின், நம் பிள்ளைகளுக்கு நான்கு பக்கம் எதற்கு?

நன்னூலார் பாயிரத்துக்குச் சொன்ன ஆக்கியோன் பெயர், நூற்பெயர், யாப்பு முதலியவற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். எழுதியவர் பெயரும் முகவரியும்; கவிதையின் தலைப்பு; மரபா, புதுக்கவிதையா; வேறெங்கேனும் வெளிவந்ததா, அனுப்பப்பட்டுள்ளதா; மொழிபெயர்ப்பாயின் மூல ஆசிரியர் யார்; இறுதியில் ஒரு நன்றி. அஞ்சலட்டை அளவே போதும். மின்னஞ்சலாயினும் இவ்வளவே. ஒரே கவிதையை ஒரே வேளையில் இரு இதழ்களுக்கு அனுப்பிவிட்டு இருவரிடமும் அதை மறைப்பது நம்பிக்கை மோசடி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' புதுக்கவிதைக்குக் களம் அமைத்தது. அதில் எழுதிய 24 பேரின் கவிதைகள் 1962இல் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பாயின. புதிய குரலைக் கவிதையில் கேட்கும் செவி ஆசிரியர்க்கு இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று? கடிதத்துக்கு இரங்கிப் பெருநாள் மலரின் பக்கத்தை நிரப்புவோர் அவ்விளைஞருக்கு உதவி செய்யவில்லை. அவர் மேலும் கற்பதற்கான வாயிலை அடைக்கின்றனர்.

முடிவாக, பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் மகள் எழுதிய கவிதை அண்ணன் பெயரில் போகிறது. அல்லது "என் தங்கை எழுதியது, பெயரை வெளியிட வேண்டாம்" என்ற குறிப்போடு போகிறது. பாயிரத்தின் உறுப்புகளுள் ஆக்கியோன் பெயரும் ஒன்று. அதை மாற்றுவது பொய், அவள் விரும்பாதிருக்க மறைப்பது அநீதி. அவளுடைய கடிதத்தை அவளே எழுதட்டும். தன் பெயரை அவளே இடட்டும். கவிதை திரும்பி வருமாயின், அதை எடுத்துக்கொண்டு எம்மிடம் வரட்டும். எதுகையையும் மோனையையும், சொல்லையும் பொருளையும் அமர்ந்து பார்ப்போம். கடிதத்தை மட்டும் எம்மிடம் கொண்டுவர வேண்டாம்.